வேகமா, வரிசையா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். மெஸ் பக்கமிருந்து வாசனை வர ஆரம்பித்துவிட்டது. ஆகவே சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் நம் செயலாளர் போன் செய்தார். "தம்பி, ஹாஸ்டல்ல நெட் சுத்தமா சரியில்லைன்னு பிள்ளைங்க மனு குடுத்திருக்காங்க. இப்ப இருக்கிற லைனை இரண்டு மடங்கா ஆக்க சங்கம் பணம் திரட்டலாம்னு இருக்கோம். நீ ரூட்டர் வேலைதானே பாக்குறே, ஒரு நடை வந்து பார்த்துட்டுச் சொல்லு" என்றார். வந்தேன், இரண்டு நாள் தங்கினேன், பார்த்தேன். பார்த்ததை எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை.

முதலில் நான் சந்தித்தது மனுவில் கையெழுத்திட்ட ஓர் இறுதியாண்டு மாணவியை. இரவு ஒன்பது மணிக்கு அவருக்கு ஆன்லைனில் வேலைக்கான நேர்முகத் தேர்வு. அது பாதியிலேயே முடிந்துபோனது. "என்னம்மா ஆச்சு, அவங்க பேசினது கேக்கலையா?" என்று கேட்டேன். "இல்ல சார், அவங்க பேசினது எனக்கு நல்லாவே கேட்டுச்சு. நான் பேசினதுதான் அவங்களுக்கு விட்டு விட்டுக் கேட்டுச்சாம். கடைசில 'அப்புறம் பார்க்கலாம்'னு வச்சுட்டாங்க" என்றார். அந்த 'அப்புறம்' வரவில்லை.

அந்தப் பெண் சொன்னதில் பாதி விடை இருந்தது. உள்ளே வருவது சரி, வெளியே போவதுதான் தகராறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விடுதிக்கும் சேர்த்து ஏறக்குறைய 350 பேர். வெளியிலிருந்து வருவதற்கு வினாடிக்கு 100 மெகாபிட், இங்கிருந்து போவதற்கு 20 மெகாபிட் என்று ஒரே லைன். லைன் கொடுத்தவர்கள் வைத்த ஒரு பெட்டி. அதற்கு உட்புறம், லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று ரூட்டராக வேலை செய்கிறது. பிங் போட்டுப் பார்த்தேன். பிங் என்பது ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பி, அது போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. பகல் பதினொரு மணிக்கு 20 மில்லி செகண்ட். இரவு ஒன்பது மணிக்கு 900 மில்லி செகண்ட்! ஆனால் அதே ஒன்பது மணிக்கு வேகச் சோதனை செய்தால் டவுன்லோடு 70 மெகாபிட்டுக்கு மேல் காட்டுகிறது. வேகம் இருக்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. இது எப்படி?

பாக்கெட்டுகள் எங்கோ வரிசையில் நிற்கின்றன. எங்கே என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணமாக ஒரு பெரிய பாக்கெட் 1500 பைட், அதாவது 12,000 பிட். 20 மெகாபிட் லைனில் அதை வெளியே தள்ள 0.6 மில்லி செகண்ட் ஆகும். லைன்காரர்களின் பெட்டிக்குள் 1500 பாக்கெட் காத்திருக்க இடம் இருந்தால், கடைசியில் நிற்கும் பாக்கெட்டுக்கு 900 மில்லி செகண்ட் காத்திருப்பு. இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் அறைக்குத் திரும்புகிறார்கள். பகலில் எடுத்த போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் செல்போன்கள் யாரையும் கேட்காமல் மேலே ஏற்ற ஆரம்பிக்கின்றன. 20 மெகாபிட் நிரம்புகிறது, வரிசை நிற்கிறது. அந்த மாணவியின் குரல் அந்த வரிசையின் வாலில் நின்றது. அவ்வளவுதான் விஷயம்.

இது நம் ஹாஸ்டலில் மட்டும் நடப்பதல்ல. இதற்குப் பெரிய வரலாறு உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், வினாடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நினைத்துவிடாதீர்கள், ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு, அதுவே போதாதா! வேன் ஜேக்கப்சன் என்பவர் மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து இதை ஆராய்ந்து 1988-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்றைக்கும் டி.சி.பி. அந்த வழியில்தான் நடக்கிறது: மெதுவாக ஆரம்பி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போ, ஒரு பாக்கெட் தொலைந்தால் 'வழியில் நெரிசல்' என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறை.

இதில் ஒரு சிக்கல். பாக்கெட் தொலைந்தால்தான் அனுப்புகிறவருக்கு நெரிசல் தெரியும். நினைவகச் சில்லுகள் மலிவானதும், பெட்டி செய்கிறவர்கள் 'ஒரு பாக்கெட்கூடத் தொலையக் கூடாது' என்று பெரிய பெரிய வரிசை இடங்களை வைத்துவிட்டார்கள். பாக்கெட் தொலைவதில்லை, வரிசை மட்டும் நீள்கிறது, அனுப்புகிறவர் விஷயம் தெரியாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். 2010-ல் ஜிம் கெட்டிஸ் தம் சொந்த வீட்டிலேயே இந்தத் தொல்லையைக் கண்டு பலருக்கும் எடுத்துச் சொன்னார். 'பஃபர் ப்ளோட்' என்று அதற்குப் பெயர். வரிசை ஊதிப்போன நோய் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி மருந்துக்கு வருவோம். ரூட்டரின் ஒரு இன்டர்ஃபேஸ் வினாடிக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று எப்படிக் கட்டுப்படுத்துவது? 1 கிகாபிட் போர்ட்டில் ஒரு பாக்கெட் கிளம்பினால் அது 1 கிகாபிட் வேகத்தில்தான் கிளம்பும். அதை மெதுவாகப் போகச் சொல்ல முடியாது. இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே இடைவெளி விடத்தான் முடியும். 1500 பைட் பாக்கெட் கிளம்ப 12 மைக்ரோ செகண்ட். சராசரி 50 மெகாபிட் வேண்டுமென்றால் 240 மைக்ரோ செகண்டுக்கு ஒன்று. மீதி 228 மைக்ரோ செகண்ட் சும்மா இருக்க வேண்டும்.

அந்த இடைவெளியைக் கணக்குப் பார்ப்பதற்குத் 'டோக்கன் பக்கெட்' என்று ஒரு முறை. பெயரைக் கேட்டதும் நமக்கு மெஸ் ஞாபகம் வரும். வரட்டும், அதே கணக்குதான். ஒரு வாளி. அதில் நிமிடத்துக்குப் பத்து டோக்கன் வீதம் வார்டன் போட்டுக்கொண்டே இருக்கிறார். டோக்கன் எடுத்தவனுக்குத்தான் சாப்பாடு. யாரும் வராத நேரத்தில் வாளி நிறையும். நிறைந்த பிறகு போடுவது வழிந்து வீணாகும். வாளியில் ஐம்பது டோக்கன் பிடிக்கும் என்றால், திடீரென்று ஐம்பது பேர் வந்தாலும் ஒரே நேரத்தில் உள்ளே போகலாம். அதற்குப் பிறகு நிமிடத்துக்குப் பத்து பேர்தான். டோக்கன் போடும் வேகம்தான் சராசரி. வாளியின் அளவுதான், ஒரே மூச்சில் எவ்வளவு அனுமதிக்கலாம் என்பது.

டோக்கன் இல்லாதபோது வந்தவனை என்ன செய்வது? இரண்டு வழி. 'கொஞ்சம் நில்லுப்பா' என்று வரிசையில் நிறுத்தினால் அது ஷேப்பிங். 'போ போ' என்று விரட்டிவிட்டால் அது போலீசிங். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அனுப்பும் பக்கம், அதாவது ட்ரான்ஸ்மிட் பக்கம், இரண்டையும் செய்யலாம். பாக்கெட் நம் கையில் இருக்கிறது. எப்போது விடுவது என்பது நம் முடிவு. வாங்கும் பக்கம், ரிசீவ் பக்கம், அப்படியல்ல. வந்துவிட்ட பாக்கெட் வந்ததுதான். அது லைனில் ஏற்கெனவே இடத்தைப் பிடித்துவிட்டது. வாசலுக்கு வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்தலாம். அவர் ஊரிலிருந்து கிளம்பியதை மாற்ற முடியுமா? ஆனால் நாலு முறை வாசலில் நிற்க வைத்தால் ஐந்தாம் முறை அவரே யோசிப்பார். டி.சி.பி. அப்படித்தான். நாம் தாமதித்தாலோ, ஒன்றைத் தொலைத்தாலோ, அனுப்புகிறவர் தாமாகவே குறைத்துக்கொள்வார். குறைத்துக்கொள்ளும் நல்ல மனம் இல்லாத போக்குவரத்தை நம் பக்கமிருந்து தடுக்க முடியாது. அதை லைனின் மறுமுனையில் இருப்பவர்தான் தடுக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் நானே செய்த ஒரு தப்பை இங்கே சொல்லியாக வேண்டும். இன்றைய மாணவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

2014-ல் நான் ஒரு லைன் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். மாவட்டத் தலைநகர் ஒன்றிலிருந்த மருத்துவமனைக்கு 50 மெகாபிட் லைன் கொடுத்தோம். அங்கே எடுக்கும் ஸ்கேன் படங்களைப் பெருநகரத்தில் இருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் ரூட்டரின் ரிசீவ் பக்கம் நான்தான் போலீசிங் போட்டேன். வேகம் 50 மெகாபிட், வாளி 15,000 பைட். வாளி எண்ணை யோசித்துப் போடவில்லை. வேறொரு ரூட்டரில் இருந்ததைப் பார்த்து எழுதிவிட்டேன். சோதனைக் கருவி சீராக 50 மெகாபிட் அனுப்பியது, அத்தனையும் போய்ச் சேர்ந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஸ்கேன் டெக்னீஷியன் போன் செய்தார். "சார், ஒரு சி.டி. ஸ்கேன் போக ரொம்ப நேரம் ஆவுது, பாதியில கட் ஆகி மறுபடி முதல்ல இருந்து போவுது" என்றார். நான் கிராஃபைப் பார்த்தேன். ஐந்து மெகாபிட்தான் ஓடுகிறது. "உங்க லைன்ல பத்துல ஒரு பங்குகூட நீங்க உபயோகிக்கல. உங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு, பாருங்க" என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் இதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் நாள் இரவு தலையில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். படம் போகவில்லை. கடைசியில் சி.டி.யில் எழுதி, இரண்டரை மணி நேர தூரத்துக்குக் காரில் கொடுத்தனுப்பினார்கள். அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். அதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. மறுநாள் டெக்னீஷியன் கோபப்படவில்லை. "கார் உங்க லைனைவிட சீக்கிரம் போயிடுச்சு சார்" என்று மட்டும் சொன்னார். நான் அன்றைக்குத்தான் தொலைந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைத் திறந்து பார்த்தேன். லட்சக்கணக்கில் இருந்தது.

காரணம் எளிது. 15,000 பைட் என்றால் பத்தே பாக்கெட். மருத்துவமனைக் கம்ப்யூட்டர் 1 கிகாபிட் வேகத்தில் ஒரே மூச்சில் நாற்பது, ஐம்பது பாக்கெட்டை அனுப்புகிறது. பத்து போவதற்குள் வாளி காலி. பதினொன்றாவதிலிருந்து போலீசிங் விரட்டுகிறது. டி.சி.பி. 'நெரிசல்' என்று நினைத்து வேகத்தைக் குறைக்கிறது, மறுபடி கூட்டுகிறது, மறுபடி அடி வாங்குகிறது. 500 மெகாபைட் படம் 50 மெகாபிட்டில் 80 வினாடியில் போக வேண்டியது. 5 மெகாபிட்டில் 800 வினாடி. சோதனைக் கருவி சீரான இடைவெளியில் அனுப்பியதால் அதற்கு அடி விழவே இல்லை.

வாளியை 6,25,000 பைட்டாக்கினேன். அது 50 மெகாபிட் லைனில் பத்தில் ஒரு வினாடிக்கு உண்டான அளவு. மருத்துவமனை ரூட்டரின் ட்ரான்ஸ்மிட் பக்கம் 48 மெகாபிட்டுக்கு ஷேப்பிங் போடச் சொன்னேன். அதன் பிறகு ஒன்றரை நிமிடத்தில் படம் போனது. எனக்கு இதில் வேலை பத்து நிமிடம்தான்.

இந்தத் தவறு என்னோடு போகவில்லை. கூகுள் சர்வர்களில் எடுத்த பதிவுகளை வைத்து 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. பகுதிக்குப் பகுதி வேறுபட்டாலும் 7 சதவீதம் வரையான இணைப்புகள் போலீசிங்குக்கு உள்ளானதையும், அப்படி உள்ளானவற்றில் பாக்கெட் இழப்பு சராசரியாக 6 மடங்கு இருந்ததையும் அதில் காட்டினார்கள்.

இப்போது நம் ஹாஸ்டலுக்குத் திரும்புவோம். ரூட்டரைப் பார்த்துக்கொள்வது ஒரு மூன்றாமாண்டுத் தம்பி. எல்லோரிடமும் திட்டு வாங்கி முகம் வாடியிருந்தது. "அண்ணா, அப்லோடுக்கு 18 மெகாபிட்னு நான் ஏற்கெனவே லிமிட் போட்டிருக்கேன். ஆனா வேலை செய்ய மாட்டேங்குது" என்றான். லினக்ஸில் இதற்கான கட்டளையின் பெயர் டி.சி. கல்லூரியில் டி.சி. என்றால் நமக்கு வேறு அர்த்தம், பயப்பட வேண்டாம். அதில் அவன் எழுதியிருந்தது '18 எம்.பி.பி.எஸ்.' இதுவும் டாக்டர் படிப்பு அல்ல. உலகம் முழுவதும் அந்தச் சுருக்கத்தை வினாடிக்கு மெகாபிட் என்றுதான் படிக்கிறோம். ஆனால் அந்த ஒரு கட்டளை மட்டும் அதை மெகாபைட் என்று படிக்கும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 18-ஐ எட்டால் பெருக்கினால் 144 மெகாபிட். 20 மெகாபிட் லைனுக்கு 144 மெகாபிட் கட்டுப்பாடு! 'எம்பிட்' என்று எழுதியிருக்க வேண்டும். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் இதைவிடப் பெரிசா பண்ணியிருக்கேன்டா" என்று மருத்துவமனைக் கதையை அவனிடம்தான் முதலில் சொன்னேன்.

லைன் 20 இருக்கும்போது 18-ல் நிறுத்துவது எதற்கு, 2 வீணாகாதா என்று நீங்கள் கேட்கலாம். வரிசை எங்கே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். லைன்காரர்களின் பெட்டியை நாம் தொட முடியாது. நாம் கொஞ்சம் குறைவாக அனுப்பினால் அந்தப் பெட்டி காலியாகவே இருக்கும். வரிசை நம் ரூட்டருக்கு வந்துவிடும். நம் கையில் வந்த வரிசையை நாம் ஒழுங்குபடுத்தலாம். அதேபோல் வெளியிலிருந்து வருவதை 90-ல் நிறுத்தினோம். ரிசீவ் பக்கம் கட்டுப்படுத்த முடியாது என்றேனே, பிறகு எப்படி? வெளி இன்டர்ஃபேஸில் ரிசீவ் ஆவது உள் இன்டர்ஃபேஸில் ட்ரான்ஸ்மிட் ஆகத்தானே வேண்டும்? அங்கே பிடித்தோம்.

ஒழுங்குபடுத்துவதற்கு நல்ல முறைகள் வந்துவிட்டன. 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வேன் ஜேக்கப்சனும் 'கோடெல்' என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லி செகண்ட் முழுவதும் காத்திருப்பு 5 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் ஒன்றைக் கைவிட்டு எச்சரிக்கிறது. அதன் வழியில் வந்த 'கேக்' என்ற முறை 2018-ல் லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் சமபங்கு கொடுக்கவும் அதற்குத் தெரியும். அதைத்தான் போட்டோம்.

இந்த இடத்தில் வார்டன் சாருக்கும் எனக்கும் சின்ன விவாதம். "ஆளுக்கு அரை மெகாபிட்னு வச்சுடுப்பா, சண்டையே வராது" என்றார். அது சுலபம்தான். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு ஒரே ஒரு மாணவன் விழித்திருந்து பாடம் இறக்கினாலும் அவனுக்கு அதே அரை மெகாபிட்தான். மீதி லைன் காலியாகத் தூங்கும். சமபங்கு முறையில் நெரிசல் இருக்கும்போது மட்டும் பங்கு. இல்லாதபோது வேண்டியவன் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். யாரையும் தண்டிக்கத் தேவையில்லை. வார்டன் சார் ஒப்புக்கொண்டார்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு பிங் 30 மில்லி செகண்ட். ஆனாலும் இரண்டு பேர் வந்து, "அண்ணா, நீங்க வந்த பிறகு ஸ்பீடு டெஸ்ட்ல குறைச்சலா காட்டுது" என்றார்கள். உண்மைதான். பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துத்தான் இந்த ஒழுங்கை வாங்கியிருக்கிறோம்.

இது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 350 பேரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்க உட்கார்ந்தால், 90-ஐப் பங்கிட்டால் ஆளுக்குக் கால் மெகாபிட். எந்த வரிசை முறையும் இல்லாத பேண்ட்வித்தை உண்டாக்காது. அப்போது பெரிய லைன்தான் வழி. ஆனால் பழைய நிலையில் 200 மெகாபிட் வாங்கியிருந்தாலும், செல்போன்கள் அதையும் நிரப்பியிருக்கும். அந்த மாணவியின் குரல் அப்போதும் வாலில்தான் நின்றிருக்கும்.

ஆகவே சங்கத்துக்கு என் தாழ்மையான யோசனை இதுதான். லைனுக்கென்று திரட்டும் பணத்தை ஒரு செமஸ்டர் அப்படியே வைத்திருங்கள். தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பிங் எவ்வளவு, லைன் எவ்வளவு நிரம்பியது என்று அந்தத் தம்பி குறித்து வைக்கட்டும். ஒழுங்கான வரிசை இருந்தும் லைன் நிரம்பியே இருந்தால் பெரிய லைன் வாங்குவோம், என் பங்கை முதலில் தருகிறேன். நிரம்பவில்லை என்றால், மெஸ் பில் கட்ட முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பணம் போகட்டும். அப்படிப்பட்டவர்கள் எங்கள் செட்டிலும் இருந்தார்கள், உங்கள் செட்டிலும் இருந்திருப்பார்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நாளை நீங்களும் ஏதாவது ஒரு ரூட்டரில் ஒரு எண்ணை எழுதுவீர்கள். அது பிட்டா பைட்டா, எந்தத் திசைக்கு, வாளி எவ்வளவு என்று மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். மறுமுனையிலிருந்து ஒருவர் போன் செய்து 'சரியில்லை' என்றால், கிராஃபைக் காட்டி வாயடைக்காமல், தொலைந்த பாக்கெட்டை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். நான் மூன்று நாள் தாமதமாக எண்ணினேன்.

அந்த மாணவிக்கு வேறொரு நேர்முகத் தேர்வு அடுத்த மாதம் இருக்கிறதாம். நல்லபடி நடக்க எல்லோரும் வாழ்த்துவோம். மெஸ்ஸுக்கு வரிசையாகப் போகலாம்.